ஒளிப்பட்டையில் உண்மை கண்ட இராமன்

ஒளி நேர்கோட்டில் செல்கின்றது என்பதைப் பதினொன்றாம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில் சோதனைகளால் விளக்கியவர், பஸ்ராவில் தோன்றிய அறிஞர் இப்னுல் ஹைதம். எனினும், மிகக் குறுகிய பிளவின் வழியே செல்லும் ஒளி ஓரங்களில் வளைந்து பரவுகின்றது. இதனை விளிம்பு விளைவு என்கிறோம். பிளவின் பல பகுதிகளிலிருந்து வரும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துமிடத்தில் ஒளிப்பட்டையும், அழிக்குமிடத்தில் இருட்பட்டையும் தோன்றும். இதுவே குறுக்கீடு. இவ்விளைவிலேயே தம் முதல் ஆய்வை நிகழ்த்திய தமிழர் சர் சி. வி. இராமன்.

1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது அன்றும் இன்றும் மாணவர்க்குரிய எளிய சோதனையே. அதனைச் செய்கையில், முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பிய ஒளியில், நடுப்பட்டையின் இருபுறமும் தோன்றிய பட்டைகள் ஒத்த அகலத்தில் இல்லாமையை அவர் கண்டார். அச்சாய்வில் அம்முகம் ஒரு குறுகிய பிளவுபோலவே செயற்படுகின்றது. நேராக விழும் ஒளியில் இருபுறமும் ஒத்திருக்கும் பட்டைகள் இங்கு மாறுபடுவது ஏன்? கோணம் மாறும்போது அலைகளின் பாதை வேறுபாடு இருபுறமும் ஒரே சீராக வளர்வதில்லை என்பதே காரணம். இதனை அளந்தும் கணக்கிட்டும் கட்டுரையாக்கித் தம் பேராசிரியரிடம் தந்தார். திங்கள் பல கடந்தும் கருத்தேதும் வரவில்லை. சோர்வுறாது தாமே இலண்டனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் ‘பிலாசபிகல் மேகசின்’ இதழ் அதனை வெளியிட்டபோது அவருக்கு வயது 18.

1907-இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றவர், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதை ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 1917-இல் அரசுப் பணியைத் துறந்து பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவும், 1930-இல் நோபல் பரிசும் அவர் புகழை உலகெங்கும் பரப்பின. ஆயினும் இளமையில் பற்றிய பொருளை அவர் கைவிடவில்லை. 1935, 1936-ஆம் ஆண்டுகளில் பெங்களூரில் நாகேந்திர நாத்துடன் இணைந்து, நீர்மத்தில் பரவும் மீயொலி அலைகள் கீற்றணிபோல் நின்று ஒளியைப் பல கற்றைகளாகப் பிரிப்பதை விளக்கினார். 1970 நவம்பர் 21-இல் மறைந்தார்.

திருவேற்காட்டிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் நம் மாணவர் எத்தனையோ பேர் அம்மாநிலக் கல்லூரியைக் கடந்து போகின்றனர். எதிர்பார்த்த விடையோடு ஒவ்வாத அளவீட்டைப் பிழையென அழித்து, பிறர் குறிப்பேட்டைப் பார்த்தெழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. இராமனும் அவ்வாறு செய்திருந்தால் அந்த முதற்கட்டுரை பிறந்திராது. கண்டதைக் கண்டவாறே எழுதி, காரணத்தைத் தேடும் நேர்மையை இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!