பம்பரத்தின் நேரத்தை அளந்த மேதை

மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க இன்று மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. படமே காட்டிவிடுகிறது. அந்தப் படத்தின் கறுப்பு வெளுப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டவர் பெலிக்ஸ் பிளாக்.

1905-ம் ஆண்டு சுவிட்ஸர்லாந்தின் ஜூரிக் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். எஞ்சினீயரிங் படிக்கப் புகுந்தவர், பௌதிகத்தில் மோகம் கொண்டு பாதை மாறினார். ஜெர்மனியில் லைப்சிக் சர்வகலாசாலையில் ஹைசன்பர்க்கிடம் பயின்று 1928-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். யூதர்களுக்கு ஜெர்மனியில் இடமில்லை என்றாயிற்று. பிளாக் வெளியேறினார். மறு வருஷம் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை அவரை ஏற்றுக்கொண்டது. யுத்தத்தின்போது பகைவரின் ரேடாரை முறியடிக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். ரேடியோ நுட்பம் கைவந்தது.

யுத்தம் ஓய்ந்ததும் ஹான்சன், பக்கார்டு ஆகியோருடன் சேர்ந்து, தண்ணீரைக் காந்தத்தின் நடுவே வைத்தார். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் குட்டிக் காந்தப் பம்பரங்கள். ரேடியோ அலை பட்டால் சாயும். பிறகு பழைய நிலைக்கு மீளும். சாய்ந்து சுழலும்போது எழும் மெல்லிய சமிக்ஞையை 1946-ல் கம்பிச் சுருளில் பிடித்தார்கள். ஹார்வர்டில் பர்செல் என்பவரும் தனியே இதைக் கண்டிருந்தார். 1952-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பம்பரம் மீள எவ்வளவு நேரமாகும்? பிளாக் இரண்டு கால அளவுகளை வகுத்தார். காந்தத்தின் திசைக்குத் திரும்பும் நேரம் ஒன்று. பம்பரங்கள் சேர்ந்து சுழலும் ஒழுங்கு குலையும் நேரம் மற்றொன்று. கொழுப்பில் பம்பரம் விரைவில் திரும்பும். மூளையைச் சூழ்ந்த நீரில் தாமதமாகும். படத்தில் தெரியும் கறுப்பும் வெளுப்பும் பெரும்பாலும் இந்த நேர வித்தியாசமே!

தண்ணீரில் இரும்பு உப்பைக் கரைத்தால் பம்பரங்கள் சீக்கிரம் மீளும். பிளாக் தம் சோதனைகளில் இதையும் கையாண்டார். கடோலினியம் என்ற உலோகத்துக்கும் இதே குணம் உண்டு. தனியாக உடலில் புகுந்தால் அது விஷம். ஆகவே வேறொரு மூலக்கூறுக்குள் இறுகப் பூட்டி ரத்தக் குழாயில் ஊசி போடுகிறார்கள். மூளையில் கட்டியுள்ள இடத்தில் மருந்து கசிய, அந்த இடம் பளிச்சென்று தெரிகிறது.

பிளாக் 1983-ல் ஜூரிக்கில் காலமானார். முதல் கடோலினியம் மருந்துக்கு 1988-ல்தான் அனுமதி கிடைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. அம்மருந்தைத் தயாரித்தது எந்த ஊர்க் கம்பெனி தெரியுமா? ஒரு காலத்தில் ஹிட்லர் கோலோச்சிய அதே பெர்லின் நகரத்துக் கம்பெனிதான்!