வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரி ஏற்றியவர்

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் பதுளைப் பேராலயத்திலும் தோட்டத்துச் சிற்றாலயங்களிலும் பச்சை இலை வளையமொன்றில் நான்கு மெழுகுதிரிகளைக் காண்கிறோம். மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. இது கோவிலுக்கே உரிய பொருள் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் இது பிறந்த இடம் பீடத்தின் அருகு அல்ல. ஏழைச் சிறுவர்களின் இல்லமொன்று. செய்தவர் கத்தோலிக்கரும் அல்லர், லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்.

ஜெர்மனியின் துறைமுக நகரான ஹம்பேர்க்கில் 1808 ஏப்ரல் 21-ம் திகதி பிறந்தார் யொகான் ஹின்ரிக் விக்கேர்ன். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். 15 வயதில் தந்தையை இழந்தார். அயல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். தலைப்பிள்ளையின் பாடு எத்தகையது என்று நம் லயத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இறையியல் கற்றுத் திரும்பியவர், ஞாயிறு பாடசாலைச் சிறுவர்களின் வீடுகளுக்குச் சென்று பார்த்தார். இருண்ட அறைகள், பசி, குடி, கவனிப்பாரற்ற பிள்ளைகள். பாடம் மட்டும் போதாதென்று அவருக்குப் பட்டது. 1833-ல் நகருக்கு வெளியே ஹோர்ன் என்னுமிடத்தில் பழைய கூரை வீடொன்று கிடைத்தது. 'ரௌஹெஸ் ஹவுஸ்' என்பது அதன் பெயர். தாயோடு அங்கே குடிபுகுந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் 12 பையன்கள் வந்து சேர்ந்தனர். பூட்டும் மதிலும் வைத்து அவர்களை அடைக்கவில்லை. பிள்ளைகள் பெருகியபோது சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் அண்ணனின் பொறுப்பில் விட்டார். கைத்தொழிலும் பழக்கினார்.

நத்தார் எப்போது வரும் என்று சிறுவர்கள் ஓயாமல் கேட்டு நச்சரித்தார்களாம். எந்த வீட்டுப் பிள்ளைதான் கேட்பதில்லை! 1839-ல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதில் 20 சிறிய சிவப்புத் திரிகளும் 4 பெரிய வெள்ளைத் திரிகளும் பொருத்தினார். கிழமை நாட்களில் சிறியது, ஞாயிறுகளில் பெரியது என நாளொன்றுக்கு ஒன்று ஏற்றப்பட்டது. எழுத்தறியாத பிள்ளையும் எரியாத திரிகளைப் பார்த்து மீதி நாட்களை எண்ணிக்கொண்டது. இலையலங்காரம் பின்னாளில் சேர்ந்தது. வீடுகளுக்குப் பரவியபோது ஞாயிறுத் திரிகள் நான்கு மட்டுமே நிலைத்தன. கத்தோலிக்க ஆலயத்துக்குள் அது வந்தது 1925-ல், கொலோன் நகரில் என்பர்.

விக்கேர்ன் பின்னர் பிரஷ்ய நாட்டுச் சிறைச்சாலைகளின் சீர்திருத்தத்திலும் உழைத்தார். நெடுநாள் நோயுற்று 1881 ஏப்ரல் 7-ம் திகதி ஹம்பேர்க்கிலேயே காலமானார்.

இன்று கடையில் பிளாஸ்டிக் வளையம் வாங்கி உயரத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளைத் தொடவிடாமல் விரட்டுகிறோம். யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களுக்கே எட்டாமற் போயிற்று. பெற்றோரே, உடைந்த கொழுந்துக் கூடையின் வாய்வளையம் போதும். பழைய சைக்கிள் ரிம்மும் ஆகும். சைப்பிரஸ் கொப்புகளைப் பிள்ளைகளே பொறுக்கி வரட்டும். சிறியவர்கள் சணல் நூலால் சுற்றிக் கட்டட்டும். கோணலாக இருந்தால் இருக்கட்டும், பிரித்துத் திருத்தாதீர்கள். திரிகளை மட்டும் மணல் நிரப்பிய பால்மாத் தகரங்களில் இறுக்கி, இலையில் படாதவாறு வளையத்தின் நடுவில் நிறுத்துங்கள். தீக்குச்சி பெரியவர் கையில் இருக்கட்டும். செபம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் வரிசையே பற்றும். இரண்டாம் ஞாயிறுக்குள் இலை காய்ந்துவிடும். புதுக் கொப்பு ஒடிக்கப் பிள்ளைகளையே அனுப்புங்கள்.