தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்த டாக்டர்

தங்கவயலில் தொட்டியும் டிரம்மும் இல்லாத வீடு அபூர்வம். குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைத்தால்தான் பிழைப்பு நடக்கும். சாம்பியன் ரீப் லைன் வீடானாலும் சரி, ராபர்ட்சன்பேட்டை மாடி வீடானாலும் சரி, வாசலில் ஒரு டிரம் நிற்கும்.

அப்படி ஒரு வீட்டு வாசலில் நின்ற தண்ணீர்த் தொட்டிதான், ஒரு வெள்ளைக்கார டாக்டரின் கண்ணைத் திறந்தது. அதுவும் எங்கோ வெளிநாட்டில் அல்ல. தங்கவயலில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பெங்களூரில்!

அந்த டாக்டரின் பெயர் ரொனால்டு ராஸ். மலேரியா காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்றவர்.

வேண்டாத படிப்பு

இமயமலை அடிவாரத்தில் உள்ள அல்மோராவில் 1857-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி ராஸ் பிறந்தார். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் மீரட் நகரில் சிப்பாய்களின் கிளர்ச்சி வெடித்திருந்தது. தந்தை, இந்திய ராணுவத்தில் பெரிய அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் ராஸ்தான் மூத்தவர்.

எட்டு வயதில் அவரைப் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றி விட்டார்கள். அங்கே உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

கவிதை எழுத வேண்டும், படம் வரைய வேண்டும் என்பதுதான் ராசின் ஆசை. கணக்கிலும் அவருக்குத் தனிப்பிரியம். ஆனால் தந்தையோ, மகன் டாக்டராகி இந்தியாவில் வேலை பார்க்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். தந்தை சொல்லைத் தட்ட முடியாமல் ராஸ் லண்டனில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மனம் ஒட்டாத படிப்பு. ஒரு தேர்வில் தோற்றும் போனார். சில காலம் கப்பல் டாக்டராக வேலை பார்த்தார். பிறகு ஒரு வழியாகத் தேறி, 1881-ம் ஆண்டு இந்திய ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னைக்கு வேலைக்கு வந்தார்.

பெங்களூர் பங்களா

1883-ம் ஆண்டு அவருக்குப் பெங்களூரில் வேலை. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி காலூன்றத் தொடங்கிய காலம் அது. வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களில் இருந்து தமிழர்கள் மூட்டை முடிச்சுகளுடன் சுரங்க வேலைக்கு வரத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

பெங்களூரின் குளிர்ச்சி ராசுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பங்களாவில் கொசுத்தொல்லை தாங்க முடியவில்லை. மற்ற வீடுகளைவிடத் தன் வீட்டில் மட்டும் ஏன் இத்தனை கொசு என்று சுற்றிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. எட்டிப் பார்த்தால், உள்ளே ஆயிரக்கணக்கில் புழுக்கள் நெளிந்து கொண்டிருந்தன. அத்தனையும் கொசுக் குஞ்சுகள்!

தொட்டியைக் கவிழ்த்தார். சில நாட்களில் கொசு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இந்தச் சேதியை ராணுவ அதிகாரி ஒருவரிடம் சொல்லி, சாப்பாட்டு விடுதியில் உள்ள தொட்டிகளையும் இப்படியே காலி செய்யலாம் என்றார். அதிகாரி ஒப்பவில்லை. கொசு இயற்கையின் படைப்பு. கடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கையை விரித்துவிட்டார்.

கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்பது அன்று ராசுக்கும் தெரியாது. கடிக்குத் தப்ப வேண்டும் என்றுதான் தொட்டியைக் கவிழ்த்தார். ஆனால், கொசுவை அடிப்பதைவிட அது பிறக்கும் தண்ணீரைக் கொட்டுவதே மேல் என்ற பாடம் அன்றே அவர் மனதில் பதிந்துவிட்டது.

கெட்ட காற்றா, கொசுவா?

சதுப்பு நிலத்தில் இருந்து வரும் கெட்ட காற்றுதான் மலேரியாவுக்குக் காரணம் என்று அப்போது உலகமே நம்பியது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள்.

1880-ம் ஆண்டு அல்ஜீரியாவில், லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஆனால் அந்தக் கிருமி ஒருவர் உடலில் இருந்து இன்னொருவர் உடலுக்கு எப்படிப் போகிறது என்பது புதிராகவே இருந்தது.

ராஸ் 1894-ம் ஆண்டு விடுமுறையில் லண்டன் போனபோது, பாட்ரிக் மேன்சன் என்ற புகழ்பெற்ற டாக்டரைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தவர் அவர். மலேரியாவுக்கும் கொசுதான் காரணமாக இருக்க வேண்டும் என்ற தன் சந்தேகத்தை அவர் ராசிடம் சொன்னார்.

அந்த ஒரு சொல் ராசின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 1895-ம் ஆண்டு இந்தியா திரும்பியவர், கையில் மைக்ராஸ்கோப்புடன் கொசு வேட்டையில் இறங்கினார்.

தோல்வி மேல் தோல்வி

செகந்திராபாத்தில் ஆராய்ச்சி சூடுபிடித்த நேரத்தில், பெங்களூரில் காலரா பரவியது. கன்டோன்மென்ட் பகுதியின் சுகாதாரத்தைச் சீர் செய்ய அரசு அவரை அங்கே அனுப்பியது. கிணறுகளையும் சாக்கடைகளையும் கவனிப்பதிலேயே அவர் பொழுது போயிற்று. கொசு ஆராய்ச்சி கிடைத்த நேரத்தில் நடந்தது.

தண்ணீரில் விழுந்து சாகும் கொசுவில் இருந்து கிருமி கலந்து, அதைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வருகிறதோ என்று மேன்சன் எண்ணினார். ராஸ் அதையும் சோதித்தார். பலன் இல்லை. நோயாளிகளைக் கடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். எதிலும் கிருமி கிடைக்கவில்லை.

காரணம், அவர் அதுவரை பார்த்தவை சாதாரண வீட்டுக் கொசுக்கள். மலேரியாவைப் பரப்பும் கொசு வேறு. அது அவர் கையில் சிக்கவில்லை.

1897-ம் ஆண்டு கோடையில் ஊட்டிக்குப் போனார். அங்கிருந்து காய்ச்சலுக்குப் பேர் போன சீகூர் மலைப்பாதையில் இறங்கி ஆராய்ந்தார். பாவம், மலேரியா அவரையே பிடித்துக்கொண்டது! கொசுவலையும் கொயினாவும் இருந்தும் தப்பவில்லை.

கொசுவுக்கு ஓர் அணா

உடம்பு தேறிச் செகந்திராபாத் திரும்பினார். ஆகஸ்டு மாதம். புழுக்கம் தாங்கவில்லை. ஆனால் விசிறி போட முடியாது. போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். நெற்றி வேர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்தன. கண்ணாடியிலும் கீறல் விழுந்தது.

அப்போது அவருடைய ஆட்கள் கொண்டுவந்த புழுக்களில் இருந்து, புதுவகைக் கொசுக்கள் வெளிவந்தன. பழுப்பு நிறம். இறக்கையில் புள்ளிகள். அதுதான் இன்று அனாபிலிஸ் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கொசு.

உசேன்கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்க வைத்து, அந்தக் கொசுக்களைக் கடிக்க விட்டார். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா வீதம் உசேன்கானுக்குக் கூலி!

1897-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி, மிச்சம் இருந்த சில கொசுக்களில் ஒன்றை அறுத்தார். அதன் வயிற்றுச் சுவரில் வட்ட வட்டமாக ஏதோ தெரிந்தது. உள்ளே கரும்புள்ளிகள். மலேரியாக் கிருமிக்கே உரிய அதே புள்ளிகள்! மறுநாள் அறுத்த கொசுவில் அந்த வட்டங்கள் இன்னும் பெரிதாக வளர்ந்திருந்தன. கிருமி, கொசுவின் உடலில் உயிரோடு வளர்கிறது என்பது உறுதியாயிற்று.

அன்று இரவு ராஸ் ஒரு கவிதை எழுதினார். கவிஞனாக விரும்பிய பிள்ளை அல்லவா!

குருவிகள் சொன்ன சாட்சி

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்த மாதமே அவரை ராஜபுதனத்துக்கு மாற்றினார்கள். அங்கே மலேரியா குறைவு. பல மாதங்கள் வீணாயின.

மேன்சனின் முயற்சியால் 1898-ம் ஆண்டு கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்ய உத்தரவு கிடைத்தது. ஆனால் அங்கே பிளேக் பீதி. ஊசி என்றாலே ஜனங்கள் ஓடினார்கள். ரத்தம் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே ராஸ் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்தார். முகமது பக்ஸ் என்ற இந்தியர் அவருக்கு வலது கையாக இருந்தார்.

ஜூலை மாதம் முடிச்சு அவிழ்ந்தது. வயிற்றில் வளர்ந்த கிருமிகள், கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்வதை ராஸ் கண்டார். கொசு கடிக்கும்போது அந்த உமிழ்நீருடன் கிருமியும் உடலுக்குள் போகிறது. நோயுள்ள குருவியைக் கடித்த கொசுவை, நல்ல குருவியைக் கடிக்க விட்டார். அதற்கும் காய்ச்சல் வந்தது. கெட்ட காற்றுக் கதை அன்றோடு முடிந்தது.

அதே ஆண்டு இத்தாலியில் கிராசி முதலிய விஞ்ஞானிகள், மனிதரின் மலேரியாவும் அனாபிலிஸ் கொசுவால் பரவுவதை நிரூபித்தனர். முதல் பெருமை யாருக்கு என்று ராசுக்கும் கிராசிக்கும் பெரும் சண்டை மூண்டது. 1902-ம் ஆண்டு நோபல் பரிசு ராசுக்கே கிடைத்தது. கிராசி மீது அவருக்கு இருந்த கோபம் மட்டும் கடைசிவரை ஆறவில்லை.

தமிழர் போன தீவில்

1899-ம் ஆண்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்று ராஸ் இங்கிலாந்து போனார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஆப்பிரிக்கா, சூயஸ் கால்வாய்ப் பகுதி என்று ஊர் ஊராகப் போய்க் கொசு ஒழிப்பைச் சொல்லிக் கொடுத்தார்.

1907-ம் ஆண்டு மொரீசியஸ் தீவுக்கு அவரை அழைத்தார்கள். தமிழர் உள்பட இந்தியக் கூலிகள் கரும்புத் தோட்டங்களில் பாடுபட்ட தீவு அது. 1860-களில் அங்கே நுழைந்த மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் குடித்திருந்தது. ராஸ் சுமார் மூன்று மாதம் தங்கி, குழந்தைகளின் மண்ணீரல் வீக்கத்தைப் பார்த்து ஊருக்கு ஊர் நோயின் அளவைக் கணக்கிட்டார். தேங்கிய நீரை வடிக்கவும், பிள்ளைகளுக்குக் கொயினா கொடுக்கவும் யோசனை சொன்னார்.

அவருக்குப் பிடித்த கணக்கு அங்கே கைகொடுத்தது. ஊரில் உள்ள எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை. ஒரு அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக மறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பிற்கால நோய்த் தடுப்புக் கணக்குகளுக்கு அதுவே அடிப்படை.

புகழ் இருந்தும் பணக்கஷ்டம் அவரை விடவில்லை. தன் கண்டுபிடிப்புக்கு அரசு சன்மானம் தர வேண்டும் என்று மனுப்போட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. முதுமையில் தன் ஆராய்ச்சிக் காகிதங்களையே விற்க நேர்ந்தது. 1932-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் காலமானார்.

இன்றும் அந்தத் தொட்டி

ராஸ் கண்டுபிடித்த ஆகஸ்டு 20-ந் தேதி, உலகக் கொசு தினமாக அனுசரிக்கப்படுகிறது.

தங்கச் சுரங்கம் 2001-ம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. தொட்டிகளும் டிரம்களும் மட்டும் வாசலை விட்டுப் போகவில்லை. மூடாத தொட்டியில் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. அதுதான் டெங்கு காய்ச்சலைப் பரப்புகிறது. இரவில் மட்டும் கொசுவலை கட்டினால் இதற்குத் தப்ப முடியாது.

வெயில் காலத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணி கட்டி இறுக மூடி வைத்தால் கொசுவுக்குப் பிறக்க நேரம் இருக்காது.

இதற்கு மைக்ராஸ்கோப்பும் வேண்டாம், நோபல் பரிசும் வேண்டாம். பெங்களூர் பங்களா வாசலில் அந்த இளம் டாக்டர் செய்த காரியம் அவ்வளவுதான்.