குசினியில் நின்ற புனிதர்



மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று சங்கத்துப் பிள்ளைகள் கேட்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஏப்ரல் 4ஆம் திகதிதான். எங்கட வருசப்பிறப்புக்குப் பத்து நாள் முந்தி வருகிற அந்த நாள், ஒரு புனிதரின் திருநாள்.

பலெர்மோவில் இருக்கிற தமிழருக்கு சாந்தா ரொசாலியாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சைவம், வேதம் என்று பாராமல் ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறி, குகைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தி வைக்கிற சனம் நாங்கள். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு பாதுகாவலரும் இருக்கிறார் என்பது எங்களில் கனபேருக்குத் தெரியாது. அவர் கறுப்பர். அடிமைகளின் பிள்ளை. குசினியில் வேலை செய்தவர். பெயர் சன் பெனெதெத்தோ இல் மோரோ. பெனெதெத்தோ என்றால் ஆசீர்வதிக்கப்பட்டவர். மோரோ என்றால் கறுப்பர்.

அவரை நான் அறிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லவேணும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பாஷை தெரியாது. சவர்க்காரத் தண்ணியில் நின்று கையெல்லாம் வெடித்துப் போயிருந்தது. ஊரில் அம்மா இடம்பெயர்ந்து ஒவ்வொரு இடமாய் மாறிக்கொண்டிருந்தா. ஒருநாள் கழுவிய கோப்பைகளை அடுக்கிக்கொண்டு கடையின் முன்பக்கம் போனேன். அங்கே நின்ற ஒருவர் எல்லோருக்கும் கேட்க என்னுடைய நிறத்தைச் சொல்லி ஒரு சொல் சொன்னார். சாப்பிட வந்திருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். ஆட்கள் இருக்கிற நேரத்தில் முன்னுக்கு வராதே என்று பிறகு எனக்குச் சொல்லப்பட்டது. அன்றிரவு அறைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். கையில் செபமாலை இருந்தது. செபம்தான் வரவில்லை.

எங்களுக்குப் பின்னேரங்களில் இத்தாலியன் படிப்பித்த வயதான சுவாமியார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு என்னைக் கூட்டிக்கொண்டு, மொந்தே கிரிபோனே மலையடியில் இருக்கிற சாந்தா மரியா தி ஜேசு கோயிலுக்குப் போனார். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் துறவி உடுப்போடு ஓர் உடல் வைக்கப்பட்டிருந்தது. அந்த மனிதரின் வாழ்க்கையை அன்று பின்னேரம் கோயில் வாசலில் இருந்து சுவாமியார் எனக்குச் சொன்னார். பிறகு நானும் தேடி வாசித்தேன்.

பெனெதெத்தோ 1520களின் நடுப்பகுதியில், மெசீனாப் பக்கத்து மலையூரான சன் பிரத்தெல்லோவில் பிறந்தார். அப்போது சிசிலி ஸ்பானிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதரை ஆடுமாடு போல விற்று வாங்கிய காலம் அது. அவருடைய தகப்பன் கிறிஸ்தோபரோ, தாய் தியானா, இருவருமே ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள். பிறக்கிற பிள்ளையும் அடிமையாகத்தானே வாழும் என்று பயந்து, பிள்ளையே வேண்டாம் என்று இருந்தார்களாம். தலைப்பிள்ளைக்கு விடுதலை தருவேன் என்று எசமான் வாக்குக் கொடுத்தபிறகுதான் பெனெதெத்தோ பிறந்தார் என்று சொல்லுவார்கள். சொஜோர்னோ கையில் இல்லாத காலத்தில் இங்கே பிள்ளை பெற்ற எங்கட தாய்மாருக்கு அந்தப் பயம் விளங்கும்.

விடுதலை கிடைத்தாலும் படிப்புக் கிடைக்கவில்லை. சாகும்வரைக்கும் அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் மந்தை மேய்த்தார். பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஒரு சோடி மாடு வாங்கி வயல் உழுதார். அவருக்கு 21 வயதளவில் ஒரு சம்பவம் நடந்தது. வயலில் நின்றவர்கள் அவருடைய நிறத்தையும் தாய்தகப்பன் அடிமைகள் என்பதையும் சொல்லிப் பழித்தார்கள். அவர் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வழியால் போன ஜிரோலமோ லன்சா என்பவர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய குடும்பத்தில் பிறந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, புனித பிரான்சிஸ் அசிசியாரின் வழியில் தனிமையில் தவம் செய்தவர் அவர். தன்னோடு வரும்படி பெனெதெத்தோவை அழைத்தார். பெனெதெத்தோ மாடுகளை விற்றார், காசை ஏழைகளுக்குக் கொடுத்தார், அவரோடு போய்விட்டார்.

இந்த இடத்தைச் சுவாமியார் சொன்னபோது நான் மறித்துக் கேட்டேன், அவருக்குக் கோவம் வரவில்லையோ என்று. வந்திருக்கும், மனிதர்தானே என்றார் சுவாமியார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பொறுமைசாலிக்கு வலிக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வலித்தபடியேதான் அவர் செபிக்கப் போனார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

லன்சாவின் தவசிகள் இடம் மாறி மாறி வாழ்ந்தார்கள். கடைசியில் வந்து தங்கிய இடம் எது தெரியுமோ? எங்கட மொந்தே பெல்லெக்ரினோ மலைதான். சாந்தா ரொசாலியாவின் எலும்புகள் அங்கே கண்டெடுக்கப்பட்டது 1624 இல். அதற்கு 60 வருசத்துக்கு முந்தியே பெனெதெத்தோ அந்த மலையில் நோன்பிருந்து செபித்திருக்கிறார். லன்சா இறந்தபிறகு, எழுதப் படிக்கத் தெரியாத இவரையே மற்றவர்கள் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள்.

1560களின் தொடக்கத்தில், இப்படித் தனியாக வாழும் தவசிகள் ஏதாவதொரு துறவற சபையில் சேரவேண்டும் என்று பாப்பரசர் 4ஆம் பத்திநாதர் கட்டளையிட்டார். கட்டியெழுப்பிய வாழ்க்கை மறுபடியும் கலைந்தது. பெனெதெத்தோ பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, சாந்தா மரியா தி ஜேசு மடத்துக்கு வந்தார். நேற்றுவரை தலைவராக இருந்தவருக்கு அங்கே கிடைத்தது குசினி வேலை. குருப்பட்டம் இல்லாத சாதாரண சகோதரராகச் சமைத்தார், கோப்பை கழுவினார், விறகு சுமந்தார்.

அந்தக் குசினியைப் பற்றிப் பல கதைகள் இருக்கின்றன. சமைக்க ஒன்றும் இல்லாத நாளில் சாப்பாடு பெருகியதாம். அவர் செபத்தில் நேரத்தை மறந்திருக்க, சம்மனசுகள் வந்து சமைத்தார்களாம். இன்னொரு கதைதான் எனக்கு மறக்காது. இளம் சகோதரர்கள் மிச்சச் சாப்பாட்டை வீசினார்கள். பெனெதெத்தோ கோப்பை கழுவுகிற தும்பை எடுத்துப் பிழிய, அதிலிருந்து இரத்தம் வடிந்ததாம். அது ஏழைகளின் இரத்தம் என்று காட்டினாராம். நடந்ததோ இல்லையோ, சங்கக்கடை வரிசையில் பாணுக்கு நின்ற எங்களுக்கு அந்தக் கதை விளங்கும்.

1578 இல் அவரை அந்த மடத்தின் தலைவராக்கினார்கள். குருமார், படித்தவர்கள் எல்லாரும் இருந்த மடத்துக்கு அடிமைகளின் பிள்ளை பொறுப்பாளர். பிறகு புதிதாய் வந்து சேருகிறவர்களைப் பயிற்றுகிற பொறுப்பும் வந்தது. நோயாளிகளும் ஏழைகளும் அவரைத் தேடி வந்தார்கள், வேதசாத்திரம் படித்தவர்களும் ஆலோசனை கேட்க வந்தார்கள். பதவிக்காலம் முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். என்னைத் திரும்பக் குசினிக்கு விடுங்கள் என்று கேட்டுப் போனார். 1589 ஏப்ரல் 4 இல் அந்த மடத்திலேயே இறந்தார்.

1652 இல் பலெர்மோ நகரசபை அவரைத் தன் பாதுகாவலர்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டது. 1807 இல் பாப்பரசர் 7ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு எவ்வளவோ காலம் முந்தியே கடல் கடந்து பிரேசிலிலும் மற்ற இடங்களிலும் இருந்த ஆபிரிக்க அடிமைகள், தங்களைப்போல ஒருவர் என்று அவர் பெயரில் சபைகள் கூடிக் கும்பிட்டார்கள். பிரேசிலில் இன்றைக்கும் வீட்டுக் குசினிகளில் அவருடைய சின்னச் சுரூபம் வைப்பார்கள்.

அன்று கோயிலால் வந்து, திங்கட்கிழமை திரும்பவும் அதே தொட்டிக்கு முன்னால் நின்றேன். என்னைப் பழித்தவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, வேலை குறையவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அடுக்குக் கோப்பைக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிக் கழுவத் தொடங்கினேன். பாரத்தை ஆண்டவரிடம் இறக்கிவைப்பது என்று ஊரில் பிரசங்கத்தில் கேட்டது, சவர்க்கார நுரைக்குள்தான் எனக்கு விளங்கியது. பாரம் போய்விடவில்லை, தூக்க இன்னொருவர் கைகொடுத்த மாதிரி இருந்தது. ஒன்றைத் தவறாக விளங்கவேண்டாம். சம்பளம் தராவிட்டாலும் கைநீட்டினாலும் பொறுத்துக்கொண்டிருங்கோ என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சிந்தகாத்தோவிடம் போகவேணும், சங்கத்துக்குச் சொல்லவேணும். நியாயம் கேட்கப் போகிறவனுக்கும் உள்ளே ஒரு பலம் வேணும், அதைத்தான் சொல்லுகிறேன்.

2023 ஜூலை கடைசியில் பலெர்மோவைச் சுற்றி மலைகள் எரிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தீ சாந்தா மரியா தி ஜேசு கோயிலுக்குள்ளும் போனது. 400 வருசத்துக்கு மேல் காத்துவந்த பெனெதெத்தோவின் உடல் எரிந்து, சில எலும்புகள்தான் மிஞ்சின. கேள்விப்பட்டு நான் குழந்தைபோல அழுதேன். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், 1995 இல் நவாலிக் கோயிலில் குண்டு விழுந்ததையும் அறிந்த எங்களுக்கு, எரிந்த சுவரைப் பார்ப்பது புதிதில்லை. அதனால் அழுகை குறைவதுமில்லை.

பிறகு யோசித்தேன். கண்ணாடிப் பேழை வருவதற்கு முந்தி அவர் எங்கே இருந்தார்? அடுப்பங்கரையில். அந்த இடம் எரியாது. பலெர்மோவின் வீடுகளிலும் கடைகளிலும் எங்கட பெண்களும் ஆண்களும் இன்றைக்கும் நிற்கிற இடம் அது. நாங்கள் குசினி என்கிறோம், அவர்கள் குச்சீனா என்கிறார்கள்.

இந்த வருசம் ஏப்ரல் 4 இல் என் வீட்டுக் குசினியில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன். களைத்துப்போனவர்கள், பழிச்சொல் கேட்டு வந்தவர்கள் யாரும் இருந்தால், அடுத்த வருசம் அந்த நாளில் சேர்ந்து மலையடிக்குப் போவம், வாருங்கோ. சைவர்களும் வாருங்கோ, அவர் பேதம் பார்த்தவரில்லை.

புத்தாண்டு எல்லோருக்கும் நிம்மதியைத் தரட்டும்.