தியாகராயர் விரும்பிய பதவி

சென்னைக்குப் போய் வரும் காம்பார் வியாபாரிகள் தியாகராய நகரில் ஜவுளி வாங்காமல் திரும்புவது அபூர்வம். அந்தத் தியாகராயர் யாரென்று நம்மில் பலர் விசாரித்ததில்லை. அன்னாரும் ஒரு வியாபாரியே.

பிட்டி தியாகராயர் 1852-இல் நெசவாளர் குலத்தில் பிறந்தார். பி.ஏ. பட்டம் பெற்றும் சர்க்கார் உத்தியோகத்தை நாடவில்லை. நூறு தறிகள் கொண்ட நெசவுச்சாலையும் தோல் வியாபாரமும் அவர் கையில் இருந்தன. அப்படிப்பட்டவருக்கு நகரசபை அங்கத்தினர் பதவி எதற்கு?

பெருநகரங்களில் இப்பதவிக்கு நிற்பவர்களில் கண்டிராக்டை எண்ணி நிற்பவர் உண்டு. பெரிய பதவிக்கு இதை ஏணியாக்குபவர் உண்டு. மாலை மரியாதைக்கு ஆசைப்படுபவரும் உண்டு. தியாகராயர் காலத்தில் வரி கட்டுவோருக்குத்தான் ஓட்டு. கட்டிய வரி குடிநீருக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கும் ஆவல் கணக்கு எழுதிப் பழகிய வியாபாரிக்கு இயல்பு. அவரை இழுத்தது அதுவே என்று நாம் கருதுகிறோம்.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் அச்சபையில் இருந்தார். அங்கே டாக்டர் டி.எம். நாயருடன் திருவல்லிக்கேணி கோயில் குளத்தின் சம்பந்தமாக மூண்ட சச்சரவு நெடுநாள் நீடித்தது. அதே இருவர் 1916-இல் கைகோத்து, பின்னர் ஜஸ்டிஸ் கட்சி என்று பெயர் பெற்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள்!

1920 தேர்தலில் அக்கட்சி வென்றது. மந்திரிசபை அமைக்கும்படி கவர்னர் வில்லிங்டன் பிரபு அழைத்தார். தியாகராயர் மறுத்துவிட்டார், சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். ஏணி தேடியவர் உச்சிப்படியை மறுப்பாரா? கௌரவத்தில் ஆசையே இல்லாதவர் என்று நாம் சொல்லவில்லை. 'சர்' பட்டத்தை ஏற்றவர்தான். ஆனால் மாகாணத்தின் முதல் மந்திரி பதவியை வேண்டாமென்றவர், நகரசபையின் தலைமையை விரும்பி ஏற்றார். சர்க்கார் அதிகாரி அல்லாத ஒருவர் தேர்தல் மூலம் அந்நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் முறை.

1925-இல் அவர் காலமானார். அச்சமயம் உருவாகிக்கொண்டிருந்த புதிய குடியிருப்புக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

நம் நாட்டில் நகரசபைத் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. காம்பாரில் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. கடை லைசென்ஸ் தாமதமானாலும், கடைவாசலில் கால்வாய் அடைத்துக்கொண்டாலும், நம்மவர் மனு எழுதிக் கொடுக்கலாம். அந்த மன்றத்துக்காக ஓட்டுக் கேட்டு நம் கடைப்படி ஏறுகிறவர் எவருமில்லை.