பில்ஹார்ஸ் கண்ட புழு

பல்கலைக்கழக முதலாண்டில் ‘பில்ஹார்சியா’ என்ற நோயின் பெயரை மனனம் செய்தேன். அது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தியோடர் பில்ஹார்ஸ் 1825இல் ஜெர்மனியின் சிக்மாரிங்கனில் பிறந்தார். 1850இல் மருத்துவராக கெய்ரோவுக்குச் சென்றார். அங்கே சிறுநீரில் இரத்தம் போவது சர்வசாதாரணம், காரணம்தான் தெரியவில்லை. 1851இல் பிரேதப் பரிசோதனை ஒன்றில், கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் வெள்ளைப் புழுக்களைக் கண்டார். வேறொருவராக இருந்தால் குறித்து வைத்துவிட்டு நகர்ந்திருப்பார். இவர் விடவில்லை. உற்றுப் பார்த்தபோது, ஆண் புழுவின் உடல் மடிப்புக்குள் நூல்போல ஒரு பெண் புழு! பிறகு நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் முட்டைகளையும் கண்டார். நோய்க்குக் காரணம் புலப்பட்டது.

நன்னீர் நத்தைகள் வழியாக அது பரவுவதை அறியாமலே, 1862இல், 37 வயதில், காய்ச்சலில் இறந்தார்.

இன்றும் இந்நோய்க்குப் பிராசிகுவாண்டல் என்ற ஒரே மருந்தைத்தான் நம்பியிருக்கிறோம். அதுவும் இளம்புழுக்களிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை. 2020இல் ஆய்வாளர்கள் இவ்வகைப் புழு ஒன்றின் உயிரணுக்களைப் பிரித்து, எதில் எந்த மரபணு இயங்குகிறது என்று வரைபடம் தயாரித்தனர். 68 வகை உயிரணுக்கள் தெரிந்தன. குடலுக்குரிய ஒரு மரபணுவை முடக்கியதும், புழுவால் இரத்தத்தைச் சரியாகச் செரிக்க முடியவில்லை.