நட்சத்திரத்தின் வாயுவைக் கணக்கிட்ட மளிகைக் கடைக்காரர் மகன்

வானத்தில் தெரியும் நட்சத்திரத்தில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன? அங்கே போகாமலேயே இதைக் கணக்கிட உலகத்துக்கு வழி காட்டியவர் ஓர் இந்தியர். அவர்தான் விஞ்ஞானி மேகநாத சாகா.

சாகா 1893-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி, டாக்காவுக்கு அருகே உள்ள சியோரதாலி என்ற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. தகப்பனார் ஜகந்நாத் சாகா சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். எட்டுக் குழந்தைகளில் மேகநாதர் ஐந்தாவது. பையன் கடையில் உட்கார்ந்தால் போதும் என்று தகப்பனார் நினைத்தார்.

மாடு பார்த்துப் படிப்பு

மூத்த அண்ணன் அதற்குச் சம்மதிக்கவில்லை. நடுநிலைப் பள்ளி சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி சிமுலியாவில் இருந்தது. அங்கே அனந்தகுமார் தாஸ் என்ற டாக்டர் பையனுக்குத் தம் வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்தார். சாப்பிட்ட தட்டைப் பையனே கழுவ வேண்டும். மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியே படித்து உபகாரச் சம்பளம் பெற்று, 1905-ல் டாக்கா போய்ச் சேர்ந்தார்.

அது வங்காளப் பிரிவினைக் காலம். கவர்னரின் வருகையை எதிர்த்த மாணவர்களோடு சாகாவும் நின்றார். பள்ளியை விட்டு நீக்கினார்கள். உபகாரச் சம்பளமும் போயிற்று. வேறொரு பள்ளி சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொண்டதால் படிப்பு தப்பியது.

1911-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். விடுதியில் அவருடைய சாதியைக் காரணம் காட்டி, ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சில மாணவர்கள் மறுத்தனர். சாகா மனம் தளரவில்லை. பரீட்சையில் உடன் படித்த சத்தியேந்திரநாத் போஸ் முதலாவதாகவும், சாகா இரண்டாவதாகவும் தேறினார்கள்.

சர்க்கார் நிதித்துறைப் பரீட்சை எழுத அவர் விரும்பினார். புரட்சிக்காரர்களோடு தொடர்பு உண்டு என்று சந்தேகித்து அனுமதி மறுத்துவிட்டார்கள். சைக்கிளில் போய் டியூஷன் எடுத்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

1920-ல் வந்த கணக்கு

நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கோடுகள் தெரியும். ஒவ்வொரு மூலகத்துக்கும் தனிக்கோடுகள் உண்டு. கோடு தெரியாவிட்டால் அந்த மூலகம் அங்கே இல்லை என்று கருதுவது அன்றைய வழக்கம்.

அப்படி அல்ல என்று சாகா 1920-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். வாயு சூடேறினால் அணுவிலிருந்து எலெக்ட்ரான் கழன்றுவிடும். எத்தனை அணுக்களில் அப்படிக் கழலும் என்பது அங்குள்ள வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. கழன்ற அணு வேறு கோடுகளைக் காட்டும்.

பனச்சமூடு சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1956 நவம்பர் 1 முதல் மாநில எல்லை அந்தப் பக்கமாகப் போகிறது. வியாபாரி ஒருவரேதான். நெய்யாற்றின்கரை, பாறசாலைக்காரரிடம் மலையாளத்தில் விலை சொல்வார். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவரிடம் தமிழில் சொல்வார். மலையாளம் மட்டும் காதில் விழுந்ததால் அவருக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு கட்டினால் தவறாகப் போகும்.

ருபீடியம் என்ற உலோகத்தின் கோடு சூரியனில் தெரியாமல் இருந்தது. சூடு குறைந்த சூரியப் புள்ளிகளில் தேடினால் தெரியும் என்றார் சாகா. அமெரிக்க விஞ்ஞானி ரஸ்ஸல் தேடிப் பார்த்தார். கோடு அங்கே இருந்தது.

1925-ல் சிசிலியா பெயின் என்ற பெண் விஞ்ஞானி இதே கணக்கைக் கொண்டு, நட்சத்திரங்களில் மிக அதிகமாக இருப்பது ஹைட்ரஜன் வாயு என்று கண்டார்.

கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கொண்ட விண்மீன் மண்டலங்களின் வாயுவையும் இப்போது கோடுகளைப் பார்த்தே ஆராய்கிறார்கள். ஆக்சிஜன் எவ்வளவு என்று அறிய, எலெக்ட்ரான் எந்த அளவு கழன்றிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். மண்டலங்கள் நெருங்கிக் கூடியுள்ள இடத்தில் ஓரத்து வாயு உரிந்து போகிறது. வெளியிலிருந்து வரும் புது ஹைட்ரஜனும் குறைகிறது. அதனால் அவற்றின் வாயுவில் ஆக்சிஜன் பங்கு, தனித்து நிற்கும் அதே எடையுள்ள மண்டலங்களைவிடச் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. சுற்றுப்புறம் வாயுவின் சேர்மானத்தையே மாற்றுகிறது.

நாட்டுப் பணி

சாகா 1923-ல் அலகாபாத்தில் பேராசிரியர் ஆனார். 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்குப் பலமுறை அவர் பெயர் போயிற்று, பரிசு வரவில்லை. 1938-ல் கல்கத்தா திரும்பி, அணு ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் அமைத்தார். இன்று அது அவர் பெயராலேயே விளங்குகிறது.

வங்காளத்து வெள்ளக் கொடுமையைக் கண்ணால் பார்த்தவர் ஆதலால், தாமோதர் நதியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று இடைவிடாமல் எழுதினார். 1952-ல் கல்கத்தாவிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்கும் அவரே தலைவர். அந்தக் குழு வகுத்த தேசிய நாள்காட்டி 1957-ல் அமலுக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1956 பிப்ரவரி 16-ந் தேதி டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் காலமானார். வயது 62. சாகா சமன்பாடு என்ற பெயரில் அவருடைய கணக்கு இன்றும் உலகமெங்கும் பௌதிக மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.